மைக்கில் சொன்னதும் என்னிடம் சொல்லாததும்

தென்காசி
7.7.2025

கர்த்தருக்குள் அன்பான ஷெர்லினுக்கு ஜஸ்டின் எழுதிக்கொள்வது.

போன் பண்ணக் கூடாது, வாட்ஸ்அப் கூடாது, சொல்லணும்னா தாளில் எழுதுங்கன்னு சொல்லிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்ட. எழுதுதேன். கடையில பில் போடுறதோட சரி, பேனா பிடிச்சு எவ்வளவோ காலமாச்சு. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காத.

வீட்டுல இருப்புக் கொள்ளல. பம்ப்செட் கடையைச் சீக்கிரம் திறக்கேன், லேட்டா அடைக்கேன். கோயில்ல கேக்குறவங்ககிட்ட, அத்தைக்கு முழங்கால் வலி, துணைக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். பரோட்டா தின்னு தின்னு வயிறு கெட்டுப் போச்சு.

ஆபாசப் படம் பாக்குறதை விட்டுருதேன்னு உன்கிட்ட சொன்னது சும்மா இல்ல. நம்ம சபைப் போதகர் ஐயரைப் பார்த்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாற சனிக்கிழமை குற்றாலத்துல நம்ம சபை ஆண்களுக்கு ரிட்ரீட் ஜெபக்கூட்டம் இருக்கு, நானும் போறேன். அங்க கர்த்தர் எனக்கு ஏதாவது செய்வார். நீயும் ஜெபம் பண்ணிக்கோ.

உன்
ஜஸ்டின்


செங்கோட்டை
10.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைச்சுது. அம்மா முழங்கால் நல்லாத்தான் இருக்கு, மாடிக்கு ஏறி இறங்கிட்டுத்தான் இருக்கா. கோயில்ல பொய் சொல்ல உங்களுக்கு எங்க அம்மா காலா கிடைச்சுது?

உங்க நம்பர் போன்ல வந்தாலே அதைத் தூக்கி எறியத்தான் தோணுது. அதான் தாள்ல எழுதச் சொன்னேன். அந்தப் படங்களை நான் உங்க போன்ல பார்த்தது கூடப் பெரிசில்ல அத்தான். கேட்டப்போ கடைக் கணக்குன்னீங்க. போனைக் கமுத்தி வச்சிட்டு, சோத்துக்கு முன்னால கண்ணை மூடி ஜெபம் பண்ணினீங்க. எத்தனை நாள் அதுக்கு நான் ஆமென் சொல்லியிருக்கேன்! நீங்க சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் என்கிட்டதான் என்னமோ குறைன்னு நினைச்சேன். கண்ணாடி முன்னால நின்னு அழுதிருக்கேன். போதகர் வீட்டு ஐயரம்மாகிட்ட அதை மட்டும் சொன்னா, ‘ஆம்பிளைங்க அப்படித்தான், நீ கொஞ்சம் பளிச்சுன்னு உடுத்தும்மா’ங்காங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விளக்குமாறு பக்கத்துல இல்லாமப் போச்சு.

நான் கேக்குறது ஒண்ணுதான். இனி என்கிட்ட பொய் சொல்லாதீங்க. அது உங்களால முடியுமான்னு பாத்துட்டுத்தான், உங்ககூட வாழ வாறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்.

பரோட்டாவை விடுங்க. ஒரு ரசம் வைக்கத் தெரியாதா என்ன?

ஷெர்லின்


தென்காசி
14.7.2025

என் பிரியமான ஷெர்லின்,

ஸ்தோத்திரம்! விடுதலை கிடைச்சிட்டு!

குற்றாலத்துல நல்ல சாரல், லாட்ஜ் எல்லாம் சீசன் கூட்டம். மழைச் சத்தத்துல பிரசங்கம் பாதி கேக்கல. உங்க வாழ்க்கையில கர்த்தர் செஞ்சதை யாராவது சாட்சி சொல்லுதீங்களான்னு கேட்டாங்க, என் கால் தானா எந்திரிச்சிட்டு. மைக்கைப் பிடிச்சு, என் பழக்கம், நீ கண்டுபிடிச்சது, அழுதுட்டு வீட்டை விட்டுப் போனது எல்லாத்தையும் சொன்னேன். பெரிய மனுஷங்கல்லாம் விம்மி அழுதாங்க. நம்ம சபை பெலிக்ஸ் அண்ணாச்சி என்னைக் கட்டிப் பிடிச்சவர் விடவே இல்ல. பிறகு எல்லாரும் ஐந்தருவிக்குப் போய்க் குளிச்சோம். உடம்பே லேசாயிட்டு. இனி அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.

வாற ஞாயிறு உங்க செங்கோட்டைக் கோயில்லயும் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. முடிஞ்சதும் உன்னைக் கையோட கூட்டிட்டு வந்துருதேன். பையைக் கட்டி வை.

உன்
ஜஸ்டின்


செங்கோட்டை
17.7.2025

அத்தான்,

பெலிக்ஸ் அண்ணாச்சி வீட்டு அக்கா நேத்து பஸ் ஏறி வந்தாங்க. தூக்குச்சட்டி நிறைய பாயாசம். என் தலையில கையை வச்சு ஜெபம் பண்ணிட்டு, ‘உன் புருஷனுக்கு விடுதலை கிடைச்சிட்டு, இனி நீதான் அவரைச் சந்தோஷமா வச்சுக்கிடணும்’னாங்க. பக்கத்துல நின்ன அம்மாவுக்கு அப்பத்தான் விஷயமே தெரியும். ரெஸ்ட் எடுக்க வந்தேன்னுதான் அவகிட்டச் சொல்லியிருந்தேன், உங்க மானம் போகக் கூடாதுன்னு. இப்போ அவ தேய்ச்ச பாத்திரத்தையே தேய்ச்சுக்கிட்டு இருக்கா.

நான் அழுததை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தா? என்கிட்டக் கேட்டீங்களா? எப்ப ஆரம்பிச்சுது, ஏன் விட முடியல, என் பக்கத்துல வரும்போது உங்க மனசுல என்னதான் ஓடுது, ஒண்ணாவது இதுவரை என்கிட்டச் சொன்னதுண்டா? மைக்கைக் கண்டா மட்டும் வாய் வருது!

ஞாயித்துக்கிழமை இங்க வந்து சாட்சி சொன்னீங்கன்னா அன்னையோட நம்ம வாழ்க்கை முடிஞ்சுது. கோவத்துல சொல்லல, யோசிச்சுத்தான் எழுதுதேன்.

ஷெர்லின்


தென்காசி
21.7.2025

ஷெர்லின்,

நேத்து நான் வரலன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். முடியாதுன்னு ஐயர்கிட்டச் சொல்லிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

நீ கேட்டதைச் சொல்லுதேன். பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல ஆரம்பிச்சுது. கல்யாணம் ஆனா நின்னுரும்னு நினைச்சேன். உன்னை மருந்து மாதிரி நினைச்சுக் கட்டிக்கிட்டேன், எழுதவே வெக்கமா இருக்கு. நிக்கல. உன் பக்கத்துல வரும்போது மனசுல அந்தப் படங்கதான் ஓடும், உன் முகத்தைப் பாக்க முடியாது. அதான் திரும்பிப் படுத்தேன். உன்கிட்ட ஒரு குறையும் கிடையாது.

இன்னும் ஒண்ணு இருக்கு. விடுதலைன்னு எழுதின கடிதத்தைத் தபால்பெட்டியில போட்டுட்டுக் கடைக்கு வந்தேன். மத்தியானம் ஆள் இல்ல. குடோனுக்குள்ள போய் மறுபடி பாத்தேன். பாத்து முடிச்சதும் தபால்பெட்டிக்கு ஓடினேன், கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமான்னு. அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்காக அழுத அத்தனை பேரையும் ஏமாத்திட்டேன். இதை உன்னைத் தவிர யாருக்கும் சொல்லல.

பட்டன் போன் வாங்கிட்டேன். வியாழக்கிழமை திருநெல்வேலியில ஒரு மனநல டாக்டரைப் பாக்கப் போறேன். சரியாயிரும்னு இனி வாக்குக் கொடுக்க எனக்குப் பயமா இருக்கு. ஆகஸ்ட் முதல் ஞாயிறு திருவிருந்துல எல்லாரும் அப்பமும் திராட்சரசமும் வாங்க முன்னால போகும்போது நான் எந்திரிக்க மாட்டேன். இந்தக் கையை நீட்டி அப்பத்தை வாங்கத் தைரியம் இல்ல. சபை பாக்கும், பாத்துட்டுப் போகட்டும்.

நீ வரலன்னா அது தேவசித்தம்னு சொல்ல மாட்டேன். நான் செஞ்சதுதான்.

ஜஸ்டின்


செங்கோட்டை
25.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்க கடிதத்தை எரிக்கலாம்னு கேஸைப் பத்த வச்சிட்டேன். பிறகு அணைச்சிட்டு இன்னொரு தடவை படிச்சேன். அழுதேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். ‘என்னட்டி’ன்னு அம்மா ஓடி வந்தா. அவர் உண்மையை எழுதியிருக்கார்மான்னு சொன்னேன்.

கோவம் போகல. மருந்துன்னு எழுதினீங்களே, அது கிடந்து குத்துது. ஆனா உங்க கடிதங்கள்ல இது ஒண்ணுதான் எனக்குன்னு வந்த கடிதம்.

ஆகஸ்ட் மூணாந்தேதி தென்காசிக்கு வாறேன். கோயிலுக்கு மட்டும், வீட்டுக்கு இல்ல. ஆராதனை முடிஞ்சதும் பஸ் ஏறிருவேன், கூப்பிடாதீங்க. யார் மேலயாவது கசப்பு வச்சிருந்தா திருவிருந்துக்கு வராதீங்கன்னு ஐயர் சொல்லுவாருல்ல, எனக்கு உங்க மேல கசப்பு இருக்கு. மன்னிச்சிட்டேன்னு நானும் பொய் சொல்ல மாட்டேன்.

எல்லாரும் எந்திரிச்சுப் போகும்போது ஆம்பிளைங்க பக்கம் நீங்க உக்காந்திருங்க. பொம்பளைங்க பக்கம் நானும் உக்காந்திருப்பேன்.

ஷெர்லின்