பூஜ்யத்துக்கு எழுதிய வாக்கியம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், இரண்டு பேருமே நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இரண்டு பேருமே என்று அழுத்தி எழுதக் காரணம் இருக்கிறது, பதறாமல் படி. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும் என்றுதான் கடிதம். போன வாரம் அம்மாவுக்கு வயிற்றில் அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், தலையணையில் சாய்ந்துகொண்டு நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். அன்றைக்கு அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டது, அவளுடையது சுலபத்தில் கிடைக்காத வகை என்று உனக்கே தெரியும், ஆஸ்பத்திரியிலும் இருப்பு இல்லை. நர்ஸ் என் போனை வாங்கி எதையோ தட்டி, "ஐயா, இதுல பதிஞ்சிருக்கேன், பாத்துட்டே இருங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பார்த்தால் உன் இணையதளம்! நான் ஓய்வு பெற்ற கையோடு நம் மொழிக்கு மாற்றித் தரச் சொல்லி என்னை உட்கார வைத்தாயே, அதே ரத்த தானத் தளம்.

அந்த வேலையில் நான் பார்த்த அதிசயம் கொஞ்சமா? ரத்தம் கொடுக்க ஒருவர் வந்தால் திரையில் காட்டும் வாக்கியத்தை எழுத ஒரு பெட்டி, பலர் வந்தால் இன்னொரு பெட்டி, எண் வரும் இடத்தில் ஒரு வளைந்த அடைப்புக்குறி, அதைத் தொட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று நீ மிரட்டி வைத்திருந்தாய். வேறொரு மொழிக்கு ஆறு பெட்டி இருந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தேன், இன்னொன்றில் எத்தனை பேர் வந்தாலும் ஒரே பெட்டி. ஆள் எண்ணுவதில்கூட உலகத்தில் இத்தனை விதமா என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "எண்ணினது போதும், போய்ப் பால் வாங்கிட்டு வாங்க" என்றாள். யாருமே வராதபோது காட்ட, பூஜ்யத்துக்கென்றும் ஒரு பெட்டி வைத்திருந்தாய். நான் '0 பேர் வருகிறார்கள்' என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சம்மதித்தால்தான் தளத்துக்குப் போகும் என்பது உங்கள் ஏற்பாடு. அந்த முகம் தெரியாத சரிபார்ப்பவர் அதைத் திருப்பி அனுப்பினார். பிழை எங்கே என்று கேட்டு அப்படியே மறுபடி அனுப்பினேன், மறுபடியும் திரும்பியது. பிழை இல்லை, ஆனால் இதைப் படிக்கிறவர் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு எழுதுங்கள் என்று கூடவே ஒரு குறிப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறியது, உன்னிடம்கூடப் போனில் கத்தினேன். கடைசியில் 'இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்' என்று எழுதி அனுப்பினேன்.

குட்டிம்மா, அன்று மதியம் ஆஸ்பத்திரி நாற்காலியில் என் கையிலேயே அந்த வாக்கியம் வந்து நின்றது. எழுதியவன் நானே என்று தெரிந்தும், யாரோ என் தோளைத் தொட்டுச் சொல்வதுபோல் இருந்தது. கேட்டுக்கொண்டே இருக்கிறோம் என்பதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். வெறும் பூஜ்யத்தைப் பார்த்திருந்தால் உடைந்து போயிருப்பேன். பிறகு கண்ணெதிரே எழுத்து மாறியது, 'ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்.' எங்கோ இருந்து நீ பெட்டி வைக்கிறாய், எங்கோ இருந்து யாரோ என்னை விடாமல் திருப்பி அனுப்புகிறார், யார் பெற்ற பிள்ளையோ கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வருகிறது, உன் அம்மா கண்ணைத் திறந்து சீப்பு எங்கே என்று கேட்கிறாள். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

பதறிக்கொண்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வா, இது அம்மா சொல்லச் சொன்னது. கண்ணுக்கு ஓய்வு கொடு. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகளும். அந்தச் சரிபார்ப்பவருக்கு என் வணக்கத்தைச் சொல். இன்னொன்று, போன் திரையில் இடம் போதவில்லை, பூஜ்ய வாக்கியத்தின் பின்பாதியை வெட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தாய், நான் பதிலே போடவில்லை. இதுதான் பதில். படத்தை எடுத்துவிடு, பட்டனைச் சின்னதாக்கு, அதை மட்டும் வெட்டாதே. இந்த நேரம் யாரோ ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

என்றும் அன்புடன்,
உன் அப்பா
(பக்கத்தில் அம்மாவும்)