லூமினாவின் ஜாடியும் என் மூக்கும்

மே 3, செவ்வாய்

இரண்டு லாரி டயர், ஒரு மோட்டார் சைக்கிள் டியூப். நான்கு மணிக்கே பஞ்சர் கடையை மூடிவிட்டேன். சமையலறை வாசலில் லூமினா வழி மறித்தாள்: "சோப்பு போட்டுக் கைய கழுவிட்டு வாய்யா. டயர் நாத்தத்தோட ஜாடிகிட்ட வராதே."

முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அந்த ஜாடிப் பக்கம் அவள் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. காரணம் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். மார்ச் மாதக் காய்ச்சலோடு அவளுக்கு வாசனை போய்விட்டது. எங்கள் தம்புனான் ஊர் முழுக்க அவள் போடும் லீஹிங்குக்குப் பெயர். அரிசி மது என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். முப்பதாம் தேதி, காமாத்தான் அறுவடை விருந்துக்கு, எங்கள் மகன் ஜுஃப்லினுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டார் ராணாவிலிருந்து வருகிறார்கள். பெண்ணின் அம்மா எவரிஸ்தாவும் லீஹிங் போடுவதில் பெரிய கை.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. மூக்கு செத்தவ போட்டதுன்னு தெரிஞ்சா ஒரு வாய் குடிக்க மாட்டாங்க" என்றாள். சரி என்றேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாதா?

மே 5

நல்லது செய்யப் போய் திட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஒட்டரிசிச் சோற்றை ஆறவைத்து, சாசாட் என்கிற ஈஸ்ட் உருண்டையைப் பொடித்துத் தூவி, நொதிக்கட்டும் என்று இரண்டு ஜாடிகளில் போட்டு வைத்திருந்தாள். மேலே துணியும் தளர்வாக ஒரு மூடியும்தான். நேற்றுப் பார்த்தால் காற்று கசிகிறது. விடுவேனா? பழைய டியூபை அறுத்து இரண்டு வாயையும் இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒரு பொட்டுக் காற்று வெளியே வராது!

காலையில் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஜாடிமேல் ஈரச் சாக்கைப் போட்டு, கட்டை மெல்ல மெல்லத் தளர்த்தினாள். புஸ்ஸென்று வந்த காற்றில் சாக்கே ஒரு தரம் எழும்பி அடங்கியது.

"காத்தை உள்ள வைக்கிறது உன் தொழில். வெளிய விடுறது என் தொழில். வெடிச்சிருந்தா ஓடெல்லாம் மூஞ்சியில குத்தியிருக்கும்."

காற்றைப் பிடித்து வைத்தே இத்தனை வருஷம் சோறு தின்றவன் நான் — எனக்கு எப்படித் தெரியும்?

மே 7

அவள் போட்ட சட்டம்: முகர்வது ஒரு நாளைக்கு ஒரே தடவை. கை சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். துணியை ஓரமாகத் தூக்கினால் போதும். தலையை ஜாடிக்குள் விடாமல் கையால் விசிறி முகர வேண்டும். சந்தேகமாக இருந்தால் நாக்கில் வைக்கவே கூடாது.

முகர்ந்தேன். வாழைப்பழம் என்றேன். எத்தனை நாள் பழம் என்று கேட்டாள். பழம் என்றால் பழம்தானே? விடவில்லை. தோலில் புள்ளி விழுந்ததா, காம்பு கறுத்ததா, பக்கத்தில் தேன் வைத்த மாதிரி இருக்கிறதா... பத்து நிமிஷம் குடைந்தாள். சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் இவ்வளவு நன்றாக முகர்வேன் என்று எனக்கே இன்றுதான் தெரியும்.

மே 9

ஜாடியில் காதை வைத்துக் கேட்டேன். ஊசி குத்திய டியூப் மாதிரி மெல்லிய இரைச்சல். சத்தத்தை வைத்தே நொதிக்கும் வேகம் சொன்னேன். லூமினா தலையாட்டினாள். இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை.

மே 12

இரண்டாவது ஜாடி சரியில்லை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை. எனக்குப் பிடித்த வாசனைதான், ஆனால் சோற்றில் அது எதற்கு? டார்ச் அடித்துப் பார்த்தால் உள் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டியால் வழித்து எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒரே ஜாடியை வைத்துக்கொண்டு இத்தனை பேருக்கு என்னத்த ஊத்துறது? கரண்டியைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம் நினைத்தேன் — இவ மூக்கா நான் இருக்கேன். மூக்கு பொய் சொன்னா இவ என்ன பண்ணுவா?

போய்ச் சொன்னேன். பார்க்கக்கூட வரவில்லை. "கொட்டிடு. வழிச்சாப் போகாது, வேர் உள்ள ஓடியிருக்கும். பன்னிக்கும் வேண்டாம்" என்றாள். குழி வெட்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினேன். அவள் கோழிகளைப் பார்த்தபடியே நின்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மே 21

பக்கத்து வீட்டு குன்சாலம், வாசனை தெருவரைக்கும் வருகிறதே, லூமினா கை லூமினா கைதான் என்றான். உண்மை வாய்வரைக்கும் வந்துவிட்டது. இருமி விழுங்கினேன்.

மே 30, திங்கள்

மிஞ்சிய ஜாடியிலிருந்து ஆளுக்கு அரைக் கிண்ணம். எவரிஸ்தா முதலில் முகர்ந்தார், பிறகு ஒரு வாய், பிறகு மிச்சம் முழுவதும். கிண்ணத்தைத் திரும்ப நீட்டினார். நான் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

அப்போதுதான் அவர் கேட்டார்: கல்யாணத்துக்கு ராணாவில் ஏழு ஜாடி போட்டாயிற்று, சம்பந்தி ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் நிம்மதி.

லூமினா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, எல்லார் எதிரிலும்:

"நான் வந்து பிரயோஜனமில்ல சம்பந்தி. மார்ச்சுலேருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. இதைத் தினமும் பாத்தது இந்த மனுஷன்தான். இவரைக் கூட்டிட்டுப் போங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வாரமாக மனசுக்குள் தயார் செய்து வைத்த பேச்சு அத்தனையும் எங்கே போனதோ. எந்த நாள் வரட்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஜூன் 4, ராணாவ்

ஏழு ஜாடி. சுற்றிலும் ஆறு பெண்கள், கையைக் கட்டிக்கொண்டு. டயர்க்காரனுக்கு என்ன தெரியும் என்று ஒருத்தி முணுமுணுத்தது காதில் விழுந்தது. கையைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாக முகர்ந்தேன். ஐந்தாவதில் அதே சொல்யூஷன் வாசனை, கொட்டச் சொன்னேன். எவரிஸ்தா தானே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

சாயங்காலம் லூமினாவுக்குப் போன் போட்டேன். என்ன வாசனை வந்தது என்று கேட்டாள். முதல் ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் ஒரு தரம் நிறுத்தினேன், தூங்கிவிட்டாளோ என்று.

"இருக்கேன்யா. சொல்லு" என்றாள்.