நவராத்திரியில் செம்பியன் மாதேவி

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பிளாட் புஷ் என்கிற இந்த வெளிநாட்டு ஊரில், இந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான்.

இங்கே இருக்கும் என் ஈப்போ சிநேகிதி சாந்தகுமாரி போன் செய்தாள். பக்கத்து ஊர் பக்குரங்காவில் நவராத்திரிக்கு ஹால் எடுத்திருக்கிறார்களாம். 27ஆம் தேதி சனிக்கிழமை மாலை சோழ அரசிகளைப் பற்றி நான் பேச வேண்டுமாம். ஈப்போவில் ஆயுள் முழுக்கச் சரித்திரம் நடத்தியவள் இங்கே துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். உடனே சரி என்றேன். என் வீட்டுக்காரர் நரேன் போய் ஒன்றரை வருடமாகிறது. அதற்குப் பிறகு ஒரு நல்ல காரியத்துக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

செப்டம்பர் 13, சனி

செம்பியன் மாதேவியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். புருஷன் கண்டராதித்தர் இறந்தபோது பிள்ளை சின்னவன். அதன் பிறகும் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தாள். சும்மாவா இருந்தாள்? செங்கல் கோயில்களையெல்லாம் கருங்கல்லாக மாற்றிக்கொண்டே இருந்தாள். கோனேரிராஜபுரத்தில் புருஷன் பெயரில் கோயில் எடுத்து, அவர் லிங்கத்தைக் கும்பிடுவது போலச் சிற்பமும் வைத்தாள்.

எனக்கு நரேனுடைய சட்டைகளை எடுத்து யாருக்காவது கொடுக்கக்கூட மனசு வரவில்லை. அவள் எப்படி எழுந்தாள்? அவர் இல்லாத முதல் நாள் காலையில் என்ன நினைத்துக்கொண்டு எழுந்தாள்? அதையெல்லாம் யார் கல்லில் வெட்டி வைப்பார்கள்.

செப்டம்பர் 17, புதன்

சாந்தகுமாரி நேரிலேயே வந்துவிட்டாள், கையில் கேக்கோடு. நான் யாரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேட்டாள். சொன்னதும் முகம் மாறியது.

"நல்ல நாள் லா, அக்கா. சுமங்கலிங்க எல்லாம் வருவாங்க. புருஷன் போன கதை எதுக்கு? தீயில எறங்கினாங்களே, ராஜராஜனோட அம்மா, அவங்கள பத்திப் பேசுங்க. கேட்டாலே சிலிர்க்கும்."

வானவன் மாதேவியைச் சொல்கிறாள். பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுத் தீயில் இறங்கினாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டில் இருக்கிறது. அதுவும் புருஷன் போன கதைதானே! புருஷனோடு செத்தவளைப் பற்றிப் பேசலாம், அவன் செத்த பிறகு இருந்தவளைப் பற்றிப் பேசக்கூடாது. அப்போ நான்? நான் ஏன்டி இன்னும் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்?

கேட்கவில்லை. "யோசிக்கிறேன்" என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 18

சமைக்கவில்லை. கேக்கைக் குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சுபாஷினியிடம் சொல்லிவிட்டேன். மருமகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள் சிரித்தாள். "நீங்க நெனச்சதையே பேசுங்க அத்தை. என்ன பண்ணிடுவாங்க, மைக்கைப் புடுங்குவாங்களா?"

பத்து வயதில் இங்கே வந்த பெண். இவளுக்கு எதிலும் பயமில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த ஊர்க் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியாயிற்று. எனக்கு இன்னும் நேற்றே முடியவில்லை.

பேசினேன். செம்பியன் மாதேவியைப் பற்றித்தான் பேசினேன். விதவை என்ற சொல்லை மைக்கில் சொன்னபோது ஹாலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். குரல் நடுங்கவில்லை. முடித்ததும் நன்றாகக் கை தட்டினார்கள். நரேன் இருந்திருந்தால் கடைசி வரிசையில் எழுந்து நின்றிருப்பார்.

அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

பெண்களுக்குத் தாம்பூலம் கொடுக்கும் வேலை சுபாவுக்கு. ஒவ்வொருவருக்கும் குங்குமம் வைத்துக்கொண்டே வரிசையில் வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்படி சாந்தகுமாரி கண்ணைக் காட்டியதை நான் பார்த்தேன். சுபாவும் பார்த்தாள். பார்த்தும் என் முன்னால் நின்றாள். குங்குமத்தைத் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டு வந்தாள்.

"வச்சுக்கோங்க அத்தை."

நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கையால் நெற்றியை மூடினேன் - அத்தனை பேர் முன்னால்! "வேணாம்மா, எனக்கு ஆகாது" என்றேன். என் வாய்தான் சொன்னது. அரைமணி நேரம் முன்னால் மைக்கில் முழங்கிய அதே வாய்.

சாந்தகுமாரி முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி. சுபா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனாள். காரில் ஏறியதும் ரேடியோவைப் போட்டாள்.

யார் என்னைத் தடுத்தார்கள்? ஒருத்தரும் இல்லையே. அவள் விரல் கிட்டே வந்ததும் ஏதோ தப்பு செய்கிற மாதிரி உடம்பெல்லாம் பதறியது. அவ்வளவுதான். ஐயோ, வச்சுக்கிட்டிருந்தா என்ன?

செப்டம்பர் 30

சுபாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். லேப்டாப்பில் வேலையாக இருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. சுபா வேலையிலிருந்து சீக்கிரம் வந்து வீட்டிலேயே படைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். நான் முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தேன். முகம் கழுவி, திருநீறுகூட வைக்காமல், நெற்றியை வெறுமையாக வைத்துக்கொண்டு. இன்று தலையை இழுக்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன்.

எல்லோருக்கும் குங்குமம் வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கென்று வேறொரு தட்டு கொண்டு வந்தாள். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். குங்குமம் இல்லை. குனிந்து மரியாதையாகக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

நல்ல பெண். ஒரு தடவை சொன்னால் போதும் அவளுக்கு.