பேசவில்லை என்று துண்டிக்கப்பட்ட இ-சிம்

அனுப்புநர்:
செயற்கைப் பல் செய்யும் கூடத்தின் மூத்த பணியாளர்
(பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சு வராதவர்),
முதல் மாடி, பின்புறப் படிக்கட்டு வழி.
(கதவருகே உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே விளக்கு எரியும். கதவைத் தட்டிப் பயனில்லை.)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்பு நுகர்வோர் பிரிவு.

பொருள்: நான் வெளிநாட்டில் இருந்தபோது, தொலைபேசியில் பேசவில்லை என்று காரணம் காட்டி என் இ-சிம்மைத் துண்டித்தது – அதுபற்றி நான் கொடுத்த புகாரையும் அதே காரணம் காட்டி முடித்துவைத்தது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா (அம்மையாராக இருப்பின் பொறுத்தருள்க),

1. நான் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைக் கொண்டு பல் செட்டும், தேய்ந்த பல்லின் மேல் மாட்டும் தொப்பிப் பல்லும் செய்பவள். எங்கள் கூடத்துக்குப் புதிதாக வந்த இயந்திரத்தைக் கையாளும் பயிற்சிக்காக முதலாளியம்மா என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினார். காது கேட்காதவளைத் தனியாக அனுப்புவதா என்று கூடத்தில் சிலர் இழுத்தார்கள். இயந்திரம் யாருடனும் பேசுவதில்லை என்று முதலாளியம்மா அவர்கள் வாயை அடைத்துவிட்டார். எனக்கு அதில் பெருமைதான்.

2. பயணத்துக்கு முன், தங்கள் துறையின் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றிடம் வெளிநாட்டு டேட்டாவுக்கான இ-சிம் வாங்கினேன். அட்டையைச் செருகும் வேலை இல்லை. கியூஆர் கட்டத்தைக் காட்டினால் போதும், சிம் போனுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். வாங்கும்போதே காது கேளாதவர் என்று பதிவு செய்தேன். கடையில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

3. டேட்டா என்றால் மற்றவர்களுக்குப் படம் பார்ப்பது, வழி தேடுவது. எனக்கு அதுதான் வாய். ஊரில் இருக்கும் என் தந்தையுடன் நான் பேசுவது வீடியோவில், கைச்சைகையில். என் தாய் காலமான பிறகு எங்கள் வீட்டில் சைகை மொழி முழுமையாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், எனக்காகவே கற்றுக்கொண்டார். என் அண்ணனுக்குத் தெரிந்தது சாப்பாடு, வா, போ, கோபம், அவ்வளவே. என் பிறந்தநாளில் வாழ்த்துவதாக நினைத்து என்னைக் குளிக்கச் சொன்னவர் அவர். அன்பில் குறைவில்லை, கைதான் அவருக்கு மடங்காது.

4. பயிற்சியின் நடுவே ஒரு நாள் பிற்பகல் போன் அதிர்ந்தது. நிறுவனத்தின் செயலி வழியாக வந்த அழைப்பு. வாடிக்கையாளர் உண்மையானவர்தானா என்று குரலைக் கேட்டு உறுதி செய்யும் அழைப்பாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எடுத்தேன். எனக்குக் காது கேட்காது, எழுதி அனுப்புங்கள் என்று செயலியின் செய்திப் பெட்டியில் உடனே தட்டச்சு செய்தேன். "உங்கள் செய்தி எங்களுக்கு மிக முக்கியம். எங்கள் பிரதிநிதி விரைவில் உங்களை அழைப்பார்" என்று பதில் வந்தது. சொன்னபடியே அழைத்தார்கள். மீண்டும் எழுதினேன், மீண்டும் அழைத்தார்கள். அதன் பிறகு என் இ-சிம் செத்துப்போனது.

5. அன்று மாலையில்தான் ஊரில் என் தந்தைக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சுத் திணறி, அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கிவிட்டார்கள். குழாய் இருக்கும்வரை அவராலும் பேச முடியாது. பேனா கொடுத்துப் பார்த்திருக்கிறார் அண்ணன். பிடிக்கத் தெம்பில்லாமல் தாளில் கோடுதான் விழுந்தது. எனவே என் தந்தை தனக்குத் தெரிந்த இன்னொரு மொழியில் பேசத் தொடங்கினார். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

6. அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதைப் பார்த்த செவிலியர்கள், மயக்கக் குழப்பத்தில் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று எண்ணி, அவருடைய இரண்டு கைகளையும் கட்டிலின் ஓரத்தில் துணிப்பட்டியால் கட்டினார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. குழாயைப் பிடுங்கினால் உயிர் போகும் என்று பயந்து கட்டினார்கள். ஆனால் சைகையில் பேசுகிறவரின் கையைக் கட்டுவது வாயைப் பொத்துவதற்குச் சமம் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

7. அண்ணனுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: அப்பா ஏதோ சொல்கிறார், அது தங்கைக்குத்தான் தெரியும். விடாமல் எனக்கு வீடியோ அழைப்பு போட்டார். எதுவும் என்னை எட்டவில்லை. பிறகு நிறுவனத்தின் சேவை மையத்தை அழைத்து நிலைமையை விளக்கி, என் இணைப்பை உயிர்ப்பிக்குமாறு கெஞ்சினார். "நீங்க அவங்க இல்லையே சார். அவங்களையே லைன்ல வந்து ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, போதும்" என்றார்களாம். அவளுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது என்றிருக்கிறார் அண்ணன். வந்த பதிலை அவர் எனக்கு எழுதிக் காட்டியபடியே இங்கே தருகிறேன்: "பரவாயில்ல சார், அவங்களுக்கு எப்பப் பேச வருதோ அப்பக் கூப்பிடச் சொல்லுங்க."

8. இந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்துவிட்டேன். சொன்னவர் கேலி செய்யவில்லை என்றே நம்புகிறேன். எதிரில் இருக்கும் தாளில் எழுதியிருந்ததைப் படித்திருப்பார். அப்படியானால் அந்தத் தாளை எழுதியவரைத்தான் நான் கேட்க வேண்டும்: பிறந்ததிலிருந்து வராதது, உங்கள் சேவை மையத்துக்காக எப்போது வரும் என்று எதிர்பார்த்தீர்கள்?

9. விடுதியில் வைஃபை இல்லையா என்று தாங்கள் கேட்கக்கூடும். இருந்தது. அதில் நுழைய, போனுக்கு வரும் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். அந்த எண்ணைப் பெற வேண்டிய இணைப்புதான் செத்துக் கிடந்தது. வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் சீட்டில் எழுதிக் கேட்டேன். அவர் அன்பாகச் சிரித்து, மேசைத் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அதை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினேன். என் தந்தை மருத்துவமனையில் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. தினமும் பேசுகிற நேரம் கடந்துவிட்டதே, அவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரே என்றுதான் தவித்தேன்.

10. மறுநாள் பயிற்சி முடிந்த பிறகு, துப்புரவு செய்யும் அம்மாள் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் போனிலிருந்து இணைய இணைப்பைப் பகிர்ந்துகொண்டார். அண்ணனின் அழைப்புகளும் செய்திகளும் மளமளவென்று வந்து விழுந்தன. வீடியோவில் அழைத்தேன். அண்ணன் போனைக் கட்டிலருகே கொண்டுபோனார். முதலில் நான் பார்த்தது என் தந்தையின் முகத்தை அல்ல, கட்டிய கைகளை. அவிழ்க்கச் சொல் என்று எழுதினேன். செவிலியர் தயங்கி, வலது கையை மட்டும் அவிழ்த்து, பக்கத்திலேயே நின்றார். என் தந்தை என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "இந்தக் கை எரியுது. ஊசி விலகியிருக்கு. சொன்னா யாருக்கும் புரியல."

11. அதை அப்படியே அண்ணனுக்கு எழுதினேன். செவிலியர் ஊசியின் மேல் சுற்றியிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். மருந்து நரம்புக்குள் போகாமல் வெளியே கசிந்து, புறங்கை கறுத்து வீங்கியிருந்தது. நான் அவர் கையைப் படிக்க எடுத்துக்கொண்டது ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்கான டேட்டாவை வைத்துக்கொண்டுதான் நிறுவனம் என் குரலுக்குக் காத்திருந்தது.

12. என் தந்தை பிழைத்துவிட்டார். குழாயை எடுத்துவிட்டார்கள், குரலும் கொஞ்சம் கரகரப்பாகத் திரும்பிவிட்டது. புறங்கையில் அழுகிய சதையை வெட்டியெடுத்ததில் வலது கையின் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். அந்தக் கையால் அவர் சோறு பிசைந்துவிடுவார், கதவைத் திறந்துவிடுவார். என்னுடன் பேசுவதுதான் முடியவில்லை. மற்றவர்களுக்கு அவர் தேறிவிட்டார். எனக்கு மட்டும் என் தந்தை திக்கித் திக்கிப் பேசுகிறார்.

13. ஊர் திரும்பியதும் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எல்லாவற்றையும் எழுத்து மூலம் தெரிவித்தேன். கிடைத்த பதில்: "புகார்தாரரை விசாரணைக்காகத் தொலைபேசியில் அழைத்தோம். அழைப்பை ஏற்றார். ஆனால் பேசவில்லை. எனவே புகார் முடித்துவைக்கப்படுகிறது." அத்துடன், எனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ஆறுதலாக இலவச அழைப்பு நிமிடங்கள் என் கணக்கில் சேர்க்கப்பட்டிருப்பதாகவும் தெரிவித்திருந்தார்கள். அவற்றை என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது பயன்படுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

14. ஐயா, எனக்கு இரக்கம் வேண்டாம். இரக்கம் எனக்குப் போதுமான அளவு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நான் கோருவது இவ்வளவே. மூடிய புகாரை மீண்டும் திறக்க வேண்டும். காது கேளாதவர்களை எழுத்திலோ வீடியோவிலோ சரிபார்க்கும்படியும், அது முடியும்வரை அவர்கள் இணைப்பில் கைவைக்கக் கூடாது என்றும் அந்த நிறுவனத்துக்கு மட்டுமல்லாமல் உரிமம் பெற்ற அனைவருக்கும் தாங்கள் ஆணையிட வேண்டும். "பேசவில்லை" என்று என்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதை அழிக்க வேண்டும். நான் பேசினேன். என் தந்தையும் பேசினார்.

15. அடுத்த கட்டப் பயிற்சிக்கு முதலாளியம்மா என்னை மீண்டும் அனுப்ப இருக்கிறார். போக வேண்டும் என்று என் தந்தையும் பிடிவாதமாக இருக்கிறார். அவரை இங்கே விட்டுவிட்டு, எப்போது வாயடைக்கும் என்று தெரியாத ஒரு போனுடன் விமானம் ஏற எனக்குத் துணிவில்லை. ஆகவே நான் புறப்படும் முன் தங்கள் ஆணை வர வேண்டும்.

16. விசாரணைக்கு அழைத்தால் நேரில் வருகிறேன். அழைப்பைக் கடிதத்தில் அனுப்பவும். மொழிபெயர்ப்பாளரைத் தாங்கள் தேட வேண்டியதில்லை. என் தந்தையே உடன் வருவதாகச் சொல்லிவிட்டார். நான் சைகையில் சொல்வதை அவர் வாய்விட்டுச் சொல்வார். தாங்கள் கேட்பதை எனக்கு இடது கையால் சொல்வார். இடது கைக்கு இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் பிடிக்கும். அவர் சொல்லி முடிக்கும்வரை தங்கள் அலுவலகத்தில் யாரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது என்று மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: புகார் மூடப்பட்ட தகவல் கிடைத்த மறுநாள்
இடம்: வீடு

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

இணைப்பு: நிறுவனத்தின் பதில், செய்திப் பெட்டியில் நான் எழுதியவற்றின் நகல், என் தந்தையின் மருத்துவச் சான்று.