லக்ஸர் கோயிலில் நாங்கள் சுற்றுலாப் பயணிகள்

நவம்பர் 4, செவ்வாய்

ஆய்வகத்தில் இன்று மூச்சுவிட நேரமில்லை. கூட வேலை பார்க்கும் வகீஹா லீவு. ரத்தம் எடுப்பது, சோதிப்பது, சீட்டு எழுதுவது எல்லாம் என் தலையில்.

மதியம் டாக்டர் ஷாஸ்லி வந்தார். எஸ்னா ஊரில் மாட்டு டாக்டர். மாட்டிடமிருந்து ஒட்டிக்கொண்ட காய்ச்சலோடு வசந்த காலத்தில் எங்களிடம் வந்தவர். காய்ச்சல் போய் எத்தனையோ மாதமாகிறது. அவர்தான் போகவில்லை. இன்று தலைசுற்றலாம். ரத்தத்தைப் பார்த்தேன்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்."

"தெரியும்" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே, என் மகள் பேரைச் சேர்த்து எல்லோரும் கூப்பிடுவதுபோல, "உம்மு ரீஹாம், என் வீட்டுக்காரி போனதுலருந்து வீட்ல பேச ஆளில்ல. பசங்க குவைத்துல. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். இங்க வேணாம்."

வேறு எங்கே? ஒரு விதவை ஓர் ஆணோடு காபிக்கடையில் உட்கார்ந்தால், காபி ஆறுவதற்குள் செய்தி என் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போய்விடும். அங்கேதான் இறந்துபோன என் கணவர் ஸாபிரின் அண்ணன் குடும்பம்.

முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். "யோசிக்கிறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 5, புதன்

வகீஹாவிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு யோசனை சொன்னாள்.

"ராத்திரி லக்ஸர் கோயிலுக்குப் போங்கடி. டிக்கெட் எடுத்து உள்ள போற நம்ம ஊர்க்காரன் எவனாவது இருக்கானா? வெள்ளைக்காரங்க தூணைப் பாப்பாங்க. உன் மூஞ்சிய யார் பாக்கப் போறா?"

அவள் சொல்வது நிஜம்தான். அந்தக் கோயில் சுவர்மேலேயே நிற்கும் அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருக்கிறேன், விழாவுக்குப் போயிருக்கிறேன். கோயிலுக்குள் போனது? பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப் போனார்களே, அதோடு சரி. ஸாபிர் "போலாம், எங்க ஓடிடப் போகுது" என்பார். கோயில் ஓடவில்லை. அவர்தான்.

நவம்பர் 8, சனி

ரீஹாம் போன் செய்தாள். அஸ்யூத்தில் மருந்தியல் இரண்டாம் வருடம். "இந்த வாரமும் வரமுடியாதும்மா. வியாழக்கிழமை வரைக்கும் பரீட்சை. வெள்ளி சனி தூங்கணும்." அவள் அப்பா இறந்ததிலிருந்து இந்த வீட்டில் சேர்ந்தாற்போல இரண்டு இரவு தங்கியதில்லை. கேட்டால் பரீட்சை. எந்தக் கல்லூரியில் இத்தனை பரீட்சை வைக்கிறார்கள்?

டாக்டரைப் பற்றி அவளிடம் சொல்லலாமா? எதைச் சொல்ல? ஒன்றும் நடக்கவில்லையே.

நவம்பர் 11

டாக்டரிடம் வியாழன் என்று சொல்லிவிட்டேன். அல்லாஹ்வே, எனக்கு என்ன ஆயிற்று.

நவம்பர் 13, வியாழன்

உடனே எழுதிவிடவேண்டும்.

அவர் முதலில் வந்து வாசலில் நின்றார். கோட்டு, கழுத்தில் கேமரா, தலையில் வெயிலுக்குப் போடும் வட்டத் தொப்பி. சூரியன் மறைந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது!

"என்ன இது டாக்டர்?"

"சுற்றுலாப் பயணி மாதிரி இருக்கட்டும்னு."

சால்வை விற்பவன் ஒருவன் எங்கள் பின்னாலேயே வந்து ஸ்பானிஷில் ஏதோ கொஞ்சினான். டாக்டர் தாங்கமாட்டாமல், "போடா டேய், நான் எஸ்னாக்காரன்" என்றார். அவன் அசரவில்லை. "எஸ்னாக்காரனா? அப்ப தொப்பிய எங்கண்ணே திருடின?" நான் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டேன். தெருவில் நான் சிரித்து எவ்வளவு காலம்.

உள்ளே போனோம். கீழிருந்து விளக்கு போட்டிருக்கிறார்கள். பகலில் பஸ்ஸிலிருந்து பார்க்கும் அதே பழுப்புக் கல் இப்போது உள்ளுக்குள் தணல் இருப்பதுபோல நிற்கிறது. உட்கார்ந்திருக்கும் ராஜாவின் முழங்காலே என் உயரத்துக்கு மேல். பெரிய தூண்களுக்கு நடுவே நடந்தபோது என் குரலைத் தன்னால் தாழ்த்திக்கொண்டேன். மேலே ஆகாயம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதைக் காட்ட ஒருவர் எஸ்னாவிலிருந்து வரவேண்டியிருந்தது.

ஒரு தூணடியில் நின்றார். கேமரா வாரை முறுக்கினார்.

"எனக்கு சமைக்கத் தெரியும்" என்றார் கடைசியில். "ஆனா மொலோகியாக் கீரை உங்க அளவுக்கு வராது."

"என் மொலோகியாவ நீங்க சாப்பிட்டதே இல்லையே."

"அதத்தான் மாத்தணும்னு சொல்றேன்."

பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு நேராகவே கேட்டார். முன்முற்றத்துக்குத் திரும்பி நடந்தேன். அவரும் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

அங்கே ஒரு பெண் ஓடிவந்து, தொப்பியைப் பார்த்து ஆங்கிலத்திலேயே டாக்டரைக் கேட்டு, போனை நீட்டினாள். போட்டோ எடுக்கவேண்டுமாம். சிலைக் காலடியில் அவள் தோழிகள் வரிசையாக நின்றார்கள். அவர் போனைக் கண்ணருகே வைத்து நம் பாஷையிலேயே "சிரிங்கம்மா" என்றார். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன்.

நடுவில் நிற்பது ரீஹாம்.

"அம்மா?"

"நீ அஸ்யூத்ல இல்ல?"

"நீ வீட்ல இல்ல?"

தோழிகள் மெல்ல நழுவினார்கள். டாக்டர் போனை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு தூரப் போய் நின்றுகொண்டார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரு அது?"

"மாட்டு டாக்டர்."

"மாட்டு டாக்டரோட உனக்கென்ன வேலை?"

"உனக்கு இங்க என்ன வேலை? நம்ம வீடு எத்தனை தூரம்? ஊர் வரைக்கும் வந்துட்டு என்னைப் பாக்காம ரயிலேறப் போறியா?"

கத்திவிட்டேன். அவள் முகம் கோணிப்போனது. சின்ன வயதில் அழுமுன் கோணுமே, அப்படி.

"அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வரலம்மா. ராத்திரியானா அப்பா இருமுற மாதிரியே இருக்கு. எழுந்து போய்ப் பாக்கறேன். யாரும் இல்ல. நீ எப்படித்தான் அங்க தூங்கறியோ."

நான் எங்கே தூங்குகிறேன்? கூடத்து சோபாவில் உட்கார்ந்தபடி கண் மூடுகிறேன், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். இத்தனை நாள் அவள் பயப்படுவாள் என்று நான் சொல்லவில்லை. நான் உடைந்துபோவேன் என்று அவள் சொல்லவில்லை. ஊரெல்லாம் போட்டோ எடுக்கும் இடத்தில் நின்று இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினோம்.

பிறகு கேட்டாள். "அவரக் கட்டிக்கப் போறியா?"

"கேட்டார். நான் பதில் சொல்லல."

"சொல்லாத." கையை உதறிக்கொண்டாள். "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் பக்கத்தில் வந்து, "முதல்ல உங்க பொண்ணு. நான் அப்புறம்தான். அப்புறம் இல்லைன்னாலும் சரி" என்றார். வாசலில் பிரிந்தோம்.

நவம்பர் 14

ரீஹாம் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ஒரே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். "நேத்து தூங்கினியா?"

"கொஞ்சம்" என்று அனுப்பினேன். "நீ?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனால் கேட்டாளே.

நவம்பர் 22, சனி

ரீஹாம் பேசினாள்! ஸலாம்கூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், "அந்த மனுஷன் எடுத்த போட்டோவைப் பாத்தியா? எங்க எல்லார் தலையையும் வெட்டிட்டார். ராம்சேஸ் ராஜா மட்டும் முழுசா இருக்கார்" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். நிறுத்தமுடியவில்லை இருவருக்கும்.

ஓய்ந்ததும் குரல் மாறியது. "அப்பா வீட்டுக்கு அவர் வரக்கூடாதும்மா."

"வரமாட்டாராம். அவரே சொல்லிட்டார். இன்னொருத்தர் கட்டின வீட்ல எப்படி வந்து உக்காருவேன்னார். வாடகைக்கு வேற வீடு பாக்கலாம்னார்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அதுல எனக்கு ரூம் இருக்குமா?"

"நீ இல்லாம வீடு எதுக்குடி?"

"நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றாள். வைத்துவிட்டாள்.

டிசம்பர் 12, வெள்ளி

ரீஹாம் வந்திருந்தாள். டாக்டரும் வந்தார். வகீஹா வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் டீக்கோப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அவரை விசாரணை செய்தாள். சிகரெட்? இல்லை. கோபம் வருமா? "கழுதைங்க உதைக்கும்போது வரும்." அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தச் சொல்வீர்களா? "அவங்க நின்னுட்டா எனக்கு யாரு ரத்தம் எடுப்பா?" சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள் என் மகள். அவர் போனதும், "ரொம்ப பேசறார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீ கல்யாணத்துக்கு அந்த பிரவுன் டிரஸ் போடாத. நல்லால்ல."

அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஜனவரி 15

நிக்காஹ் முடிந்தது. ஸாபிரின் அண்ணன் வரவில்லை. அவர் மனைவி மட்டும் பின்வாசல் வழியாக வந்து ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பைக் கையில் வைத்து, என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 21, சனி

பெருநாள் மறுநாள். அவாமியாவில் எடுத்திருக்கும் புதுவீட்டில் இன்னும் சாமான்கள் ஒழுங்காகவில்லை. ரீஹாம் நேற்றிரவு எங்களோடு உட்கார்ந்து பெருநாள் பிஸ்கட்டைத் தின்று தீர்த்துவிட்டு, தன் ரூமுக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. மதியத் தொழுகைக்கு அழைத்தும் எழவில்லை. இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, கால் ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம்.

இதை எழுதும்போதே பழைய சாமான்காரன் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டு தெருவுக்குள் வண்டியைத் திருப்பினான். நான் ஜன்னலைச் சாத்த எழுவதற்குள் ஷாஸ்லி வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார். கீழேயிருந்து அவர் குரல், ஒலிபெருக்கியைவிடப் பெரிதாக:

"நிறுத்துய்யா அத! எங்க பொண்ணு தூங்குது!"

எட்டிப் பார்த்தேன். ரீஹாம் புரண்டு படுத்திருக்கிறாள். விழிக்கவில்லை.