அரபு எழுத்தில் கெட்ட வார்த்தைகள்

அன்பான சானி அண்ணை,

சுகமா என்று கேட்டுத் தொடங்கிப் பழகிய கைக்கு இன்று எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நேரே விஷயத்துக்கே வருகிறேன். உங்கள் கொப்பியை எரிக்கப் பார்த்தார்கள்.

எந்தக் கொப்பி என்று உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரிகளில் இன்டர்பிரிட்டர் வேலை பார்த்தோம். நான் தமிழுக்கு, நீங்கள் ஹவுசாவுக்கு. டொக்டர் கூப்பிடும்வரை ஒரே வாங்கில் இருந்து இருந்தே அண்ணன் தங்கை ஆனோம். நைஜீரியாவின் கானோ நகரத்து இளசுகள் ஹவுசாச் சொற்களை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் அந்தக் கொப்பியில் எழுதிவந்தீர்கள்.

அப்டன் பார்க்கில் உங்கள் ஊர்க்காரரின் சலூனுக்கு முடி வெட்டப் போனால், வெட்டி முடித்த பிறகும் அரை மணி நேரம் எழும்பமாட்டீர்கள். அங்கே வரும் பெடியள் பேசுவதைக் கேட்கவேண்டும். மெக்காவுக்குப் போய் வந்தவரைத்தான் உங்கள் ஊரில் ‘அல்ஹாஜி’ என்பார்கள். அந்தக் கடையில் கையில் நாலு காசு புழங்கும் எல்லாருமே அல்ஹாஜி. “இங்க வந்த பிறகு இவங்களில ஒருத்தனும் ஹீத்ரோவையே தாண்டியிருக்க மாட்டான்” என்று சிரித்தீர்கள். சிரித்த கையோடு குறித்தும் கொண்டீர்கள். யார் முதலில் அப்படிச் சொல்லியிருப்பான், ஏன் மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பஸ்ஸிலும் அதே பேச்சு.

தமிழில் இப்படித் தலைகீழான சொல் உண்டா என்று கேட்டீர்கள். ‘நாற்றம்’ என்றால் ஒரு காலத்தில் நறுமணம் என்றேன். நீங்கள் கை தட்டியதில் ரிசெப்ஷன் பிள்ளை எங்களை முறைத்தாள். என் மகள் தன் சிநேகிதிகளை ‘மச்சான்’ என்று கூப்பிடுவதையும் முறைப்பாடாகத்தான் சொன்னேன். நீங்களோ அது எந்த வயதில் தொடங்கியது, பெடியன்களுக்கும் அதே சொல்தானா என்று கேள்விமேல் கேள்வி. எனக்குக் கோபமே வந்தது. இந்த வயதில் உங்களுக்குக் குப்பை பொறுக்குகிற வேலை எதற்கு என்று கேட்டேன். ஏன் எழுதத் தொடங்கினீர்கள் என்று மட்டும் நான் கேட்கவேயில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆர்ச்வே முருகனிடம் போனேன். அர்ச்சனைக்கு ஐயர் நட்சத்திரம் கேட்டார். முழித்தேன். “பரவாயில்லை, சுவாமி பேருக்கே செய்வம்” என்றார். அடுத்த கிழமை நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு முருகனோடு இன்னும் கொஞ்சம் கோபம்தான்.

உங்கள் அறையை ஒதுக்க மான்செஸ்டரிலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். அவர் உண்மையாகவே மெக்கா போய் வந்த அல்ஹாஜி. உதவிக்கு நானும் போனேன். கட்டிலுக்குக் கீழே கொப்பி கிடைத்தது. திறந்தவர் முகம் கறுத்துப்போயிற்று. ஹவுசாவை ஆங்கில எழுத்திலும் எழுதலாம், பழைய முறைப்படி அரபு எழுத்திலும் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அரபு எழுத்தில் எழுதியிருந்தீர்கள். குர்ஆன் எழுதிய எழுத்தில், பக்கம் பக்கமாகத் தெருப் பெடியளின் தூஷணம்!

அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் எதுவும் எங்கள் பேச்சாகத்தான் விழும், அது என் தொழில் வியாதி. “இந்த எழுத்து உள்ள பேப்பரைக் குப்பையில போட ஏலாது, தங்கச்சி. மரியாதையா எரிக்க வேணும், இல்லாட்டி மண்ணுக்குள்ள புதைக்க வேணும். இதை எரிச்சுப்போடுறன். தம்பியின்ர பேர் கெடக்கூடாது.”

நான் குப்பை என்று சொன்ன அதே கொப்பிதான். ஆனாலும் அதை விட்டால் உங்கள் குரலில் எஞ்சுவதற்கு வேறு என்ன இருக்கிறது? “எரிக்கிறதெண்டால் எரியுங்கோ. முதல் பக்கத்தை மட்டும் எனக்கு வாசிச்சுச் சொல்லிப்போட்டு எரியுங்கோ” என்றேன்.

கட்டிலில் இருந்து வாசித்தார். முதல் பக்கத்தில் சொற்பட்டியல் இல்லை, அண்ணை. பாலைவனம் தாண்டி வந்த ஒரு இளைஞன், பெண் டொக்டருக்கு முன்னால் “ஷேகே பார்த்தேன்” என்று சொன்ன கதை இருந்தது. தகப்பன் பெயர் தெரியாதவன் என்று ஏசுகிற சொல் அது. நீங்கள் அதை ஏச்சென்றே எடுத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிச் சொல்லி அர்த்தம் கேட்க வெட்கப்பட்டு, ‘களைத்துப்போயிருக்கிறான்’ என்று டொக்டருக்குச் சொன்னீர்கள். நன்றாக நித்திரை கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைய பிள்ளைகளின் வாயில் அதற்குப் படாத பாடு பட்டேன் என்று அர்த்தமாம். நீங்கள் அதை அறிந்தபோது அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘அவன் தன் துன்பத்தைச் சொன்னான், நான் அந்தச் சொல்லைத் துடைத்துவிட்டேன்’ என்று அந்தப் பக்கம் முடிந்தது.

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் பகிடி பண்ணுவேன் என்றா? நானும் எத்தனை பிள்ளைகளின் பேச்சைக் கழுவித் துடைத்து டொக்டர்மாருக்குக் கொடுத்திருக்கிறேன்! கூடாத சொல்லென்று நான் விழுங்கியவற்றில் எது நோவு, எது விளையாட்டு? இனி யாரைக் கேட்பது?

உங்கள் அண்ணன் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “எரிக்கவும் மனமில்லை, இந்த எழுத்தில வைச்சிருக்கவும் ஏலாது” என்றார்.

“அப்ப நீங்கள் வாசியுங்கோ. நான் தமிழ் எழுத்தில எழுதுறன். எங்கட எழுத்தில தூஷணம் எழுதினால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்” என்றேன். அந்த வீட்டில் அன்று முதல் தடவையாக அவர் சிரித்தார். எழுதி முடிந்ததும் கொப்பியை மண்ணுக்குள் வைப்பதென்று ஒத்துக்கொண்டோம். உங்கள் கையெழுத்து போய்விடும். எனக்கு அது கவலைதான், ஆனால் அவருடைய மனமும் ஆறவேண்டுமே.

அன்றே தொடங்கினோம். உங்கள் ஆட்கள் தொண்டையை இறுக்கிச் சொல்லும் சில ஒலிகளுக்கு எங்களிடம் எழுத்தில்லை. பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். சில சொற்களின் புது அர்த்தத்தை அவர் நம்பாமல், கானோவில் இருக்கும் பேரனுக்குப் போன் போடுகிறார். பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறானாம். இப்போது ஞாயிறு தவறாமல் அவரே என்னைக் கூப்பிடுகிறார், “அடுத்தது என்ன எண்டு பாப்பமே?”

ஆனால் அந்த முதல் நாள், ஒரு பெண்ணுக்கு முன்னால் வாய் திறந்து அப்படியொரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு! ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லச் சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வெட்கம் என்னையும் பிடுங்கித் தின்றது. ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

“விளங்கேல்லை. திரும்பச் சொல்லுங்கோ” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்து, உரக்கச் சொன்னார்.

இனி ஆஸ்பத்திரியில் எந்தப் பிள்ளை எந்தச் சொல்லைச் சொன்னாலும் கையை உயர்த்தி டொக்டரை நிறுத்தி, அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்லி அர்த்தம் கேட்பேன், அண்ணை. என் வாய் கூசினாலும் கேட்பேன்.

உங்கள் தங்கச்சி,
கௌரி
பிளேஸ்டோ