தலையணைமேல் இடது கால்

அத்தை, இன்று காலை உங்கள் மகன் பரணில் கிடந்த இலவம்பஞ்சுத் தலையணைகள் இரண்டையும் இறக்கி, வெயிலில் தட்டிப் போட்டு எடுத்து வந்தார். சூடேறிய பஞ்சின் வாசனை அறை முழுக்கப் பரவியது. ஒரு தலையணையின் ஓரத்தில் மருந்துக் கறை இன்னும் பழுப்பாகவே இருக்கிறது. சென்ற முறை என் வலது கால் கிடந்த இடம் அது. இந்த முறை, இத்தனை நாள் மடித்த போர்வைமேல் கிடந்த இடது கால்.

இரண்டு கால்களையும் ஒன்றாகச் செய்தால் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது, ஒன்று ஆறிய பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று டாக்டர் அப்போதே சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கட்டைவிரலின் அடியில் எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து கிடந்தது. நாள் முழுக்க வகுப்பில் நின்று பாடம் நடத்திவிட்டு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் நீர் வந்துவிடும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நின்று பார்க்கும் வேலை ஒன்றுதான் எனக்குத் தெரியும். அந்த வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ போடச் சம்மதித்தேன்.

காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் சுலபமானது அதுதான் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் உள்ளே வரும்போதெல்லாம் என் கால் தானாகக் கீழே இறங்கிவிடும். பெரியவர்கள் நிற்க, அவர்கள் முகத்துக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு எப்படிப் படுத்திருப்பது? இறக்கியதும் ரத்தமெல்லாம் விரலுக்குப் பாய்ந்து, கட்டுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் தெறிக்கும்.

"ஏ தாயி, என்ன பண்ற?"

"நீங்க நிக்கிறீங்களே அத்தை."

"நான் என்ன கலெக்டரா? தூக்கு காலை."

தூக்குவேன். அடுத்த முறை கஞ்சியோடு வருவீர்கள், மறுபடி இறக்குவேன். இரண்டு நாள் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்து, என் காலை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது.

"விடுங்க அத்தை, பாவம்."

"ஏலத்தோட்டத்துல செடிக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சு அட்டைய புடுங்குன கை இது. உன் கால்ல அப்பிடி என்ன இருக்கு?"

அன்றைக்கு உங்கள் மடியிலேயே தூங்கிவிட்டேன்.

பிறகு வருகிறவர்கள் முன்னால் எனக்குக் கூசக் கூடாது என்று கட்டிலையே திருப்பிப் போட்டீர்கள். பக்கத்து வீட்டுச் சரசக்கா ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கால் வெரல் கோணலுக்கு ஒரு ஆபரேசன். அதுல வேற புள்ளைய வடக்க தலை வச்சுப் படுக்கப் போட்டிருக்கீக. நல்லாவா இருக்கு?"

"கெழக்கால வாசல், மேக்கால சாமி படம், வடக்கால நீ வந்து உக்காருவ. அவ காலை எங்கிட்டு வைக்க, உன் தலையிலயா?"

சரசக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரித்ததில் காலும் சேர்ந்து வலித்தது.

புண் ஆறுவது எவ்வளவு அலுப்பான காரியம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலில் வலி. அது அடங்கியதும் கட்டுக்குள் அரிப்பு. தையல் பிரித்த பிறகு, தொட்டால் வேறு யாருடைய விரலையோ தொடுவதுபோல் மரத்துப்போன தோல். குதிகாலில் மட்டும் பாரம் தாங்கும் அந்தத் தட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாத்துபோல் நடந்தேன். குளிக்கப் போனால் நீங்கள்தான் காலில் பாலிதீன் பையைக் கட்டிவிடுவீர்கள். காலையில் வற்றியிருக்கும் வீக்கம் சாயங்காலம் திரும்பி வந்துவிடும். மாதக்கணக்கில் அப்படித்தான். எப்போதுதான் முடியும் என்று ஒருநாள் அழுதேன். "புண்ணுக்கு என்ன அவசரம்? அது என்ன ஜீப்பா பிடிக்கப் போவுது?" என்றீர்கள்.

வாரம் முழுக்க விடியுமுன் ஏலத்தோட்டத்து ஜீப்பு பிடிக்க ஓடி, எனக்காக அப்போது வேலைக்குப் போகாமல் இருந்த நீங்கள் அதைச் சொன்னீர்கள். என் கால் பழைய செருப்புக்குள் நுழைந்த மாதத்தில், மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்களாம். எனக்குப் பள்ளிக்கூடத்துக்குத்தான் தகவல் வந்தது. நான் நன்றாக நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

இப்போது வீட்டில் பகலெல்லாம் மாமாவும் நானும்தான். உங்கள் மகன் வேலைக்குப் போனதும் மாமா ரசம் வைக்கிறார், சோறு குழைய வடிக்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரும் நானும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் தட்டோடு உள்ளே வந்தார், நான் காலை இறக்கினேன். இரண்டு வேளை பார்த்தார். மூன்றாவது வேளையிலிருந்து, தன்னால்தான் நான் காலை இறக்குகிறேன் என்று நினைத்து, தட்டை வாசற்படி ஓரத்தில் வைத்து, தொண்டையைச் செருமிவிட்டுப் போய்விடுவார். அதை எடுக்க நான் எழுந்து நடப்பேன். தண்ணீருக்கும் நடப்பேன், மாத்திரைக்கும் நடப்பேன். என் கால் உயரத்தில் இருக்கட்டும் என்று அவர் வெளியே நின்றார். அவரைக் கூப்பிடக் கூசி நான் நடந்துகொண்டேயிருந்தேன்.

நேற்று டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகம் சுளித்தார். தையல் ஓரம் கசிந்திருந்தது. "இப்பிடியே நடந்துக்கிட்டிருந்தா புண்ணும் ஆறாது, வெட்டுன எலும்பும் நகர்ந்துரும். திரும்பக் கிழிக்கிற மாதிரி ஆயிரும்" என்றார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இன்னொரு முறை இதையெல்லாம் முதலிலிருந்து தாங்க என்னிடம் தெம்பு இல்லை அத்தை.

இன்று மதியம் வாசலில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. வழக்கமான செருமலும் கேட்டது.

"மாமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"என்னம்மா?"

"உள்ள கொண்டாந்து குடுங்க. நான் எந்திரிக்கக் கூடாதாம்."

தட்டை மறுபடி கையில் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ காலை இறக்கிப்புடுவியே தாயி" என்றார்.

"இறக்கல."

அவர் வந்தார். கண்ணைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே வந்து, ஸ்டூலை இழுத்துத் தட்டை வைத்தார். என் கால் அவர் நெஞ்சுக்கு நேராக, தலையணைமேல் இருந்தது. போகத் திரும்பியவர் நின்று, முதல்முறையாக அதைப் பார்த்தார்.

"இம்புட்டு வீக்கமா? நான் வாசல்ல வச்சுட்டு வச்சுட்டுப் போயிருக்கேன்." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ இருந்திருந்தா ரெண்டு பேரையும் வஞ்சிருப்பா."

"ஆமா மாமா."

"ரசத்துல உப்பு கம்மி. பொறுத்துக்க." ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எழவில்லை.

அவர் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க என் கால் கீழே இறங்கத் துடித்தது. அந்தக் கூச்சம் என்னைவிட்டுப் போகாது என்றே தோன்றுகிறது. ஆனால் அது துடிக்கும்போதெல்லாம் கணுக்காலுக்குக் கீழே உங்கள் கை இருக்கிறது, காய் பறித்துக் காய்த்துப்போன சொரசொரப்போடு. அதன்மேல் பாரத்தைப் போட்டு, காலை அப்படியே வைத்திருக்கிறேன்.